தரைக்குக் கீழே உள்ளதெல்லாம் எனக்கு

மேல்தளத்தின் உரிமையாளரும், பிறப்பினால் எனக்கு அண்ணனுமாகிய தங்களுக்கு, கீழ்த்தளத்திலிருந்து தம்பி எழுதுவது.

இங்கு நானும் என் மனைவியும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அப்படி எழுத முடியாத நிலைமையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. தாங்கள் நலமா என்று நான் கேட்கவில்லை. காலை ஐந்தரை மணிக்குத் தங்கள் செருப்பு என் தலைக்கு மேல் நடைப்பயிற்சியைத் தொடங்கிவிடுகிறது. நலமில்லாதவர் யாரும் அவ்வளவு அழுத்தி மிதிக்க மாட்டார். அண்ணியின் நலத்தை என் மனைவி தினமும் மாடிப்படியில் நின்று விசாரித்து, நான் கேட்காமலேயே எனக்கும் தெரிவித்துவிடுகிறாள்.

பதினோரு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு, பதினெட்டுப் படி ஏறி வந்து சொல்ல வேண்டியதைத் தபாலில் அனுப்புகிறானே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். பேசமாட்டேன் என்றுதான் பாகம் பிரித்த அன்றைக்குச் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. விஷயம் இதுதான்: உங்கள் பின்னறைத் தரையில் ஒரு துளை போட வேண்டும். ஒரு சாண் அகலம்கூட வராது. அதன் வழியாக என் வீட்டிலிருந்து ஒரு குழாய் ஏறி, உங்கள் அறையைக் கடந்து, கூரையையும் துளைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு மேலே போய் நிற்க வேண்டும். இதற்கு உங்கள் கையெழுத்து தேவை. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அது கிடைக்காவிட்டால் சுகாதார அலுவலகம் கீழ்த்தளத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிடும். என் மனைவி தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். போனால் திரும்பி வரும் எண்ணம் இல்லை என்றும் சொல்லிவிட்டாள். "அப்போ நான் எங்க போறது?" என்று கேட்டேன். "நீங்க எங்க வேணா போங்க, யாரு தடுத்தா?" என்று எனக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கிறாள்.

முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களோடு பேசுவதைவிட உங்களுக்கு எழுதுவதில் இருக்கும் வசதி அது ஒன்றுதான். நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ட்ரை கிளீனிங் கடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மடிப்புக் கலையாதவர் என்று நாம் பெயர் வைத்திருந்தோமே, அவருடைய கடை. உங்கள் கல்யாணக் கோட்டைக்கூட அங்கேதான் வெளுக்கப் போட்டீர்கள். அதை ஒரு நேர்முகத் தேர்வுக்காக நான் இரவல் கேட்டபோது "கடையிலேருந்து இன்னும் வரலடா" என்றீர்கள். அது உங்கள் அலமாரியில் தொங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அதை விடுங்கள். அந்த மனிதர், துணியைத் தண்ணீரில்லாமல் வெளுக்கும் திரவத்தை, வேலை முடிந்ததும் கடைக்குப் பின்னாலிருந்த குழியில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, இருபது வருஷம். அது தண்ணீரைவிடக் கனமானது என்பதால் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் போய்ப் படுத்துக்கொண்டதாம். படுத்த இடத்தில் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. மெல்ல மெல்ல வாயுவாகி, மண்ணின் இடுக்குகள் வழியே மேலே ஏறி, எந்த வீட்டுத் தரையில் விரிசல் இருக்கிறதோ அங்கே நுழைகிறதாம். மணமும் பெரிதாகத் தெரியாது, நிறமும் கிடையாது. கடையை மூடிப் பத்து வருஷமாகிறது, அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள், மடிப்புக் கலையாதவர் மடிப்புக் கலையாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுச்சென்றது மட்டும் என் பின்னறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வந்தவர் சுகாதார அலுவலகம் அனுப்பிய ஒரு பெண் பொறியாளர். முப்பது வயதிருக்கும். கையில் டார்ச், தோளில் பை, எதைப் பார்த்தாலும் குனிந்து தரையோடு தரையாகக் காதை வைக்கும் பழக்கம். வந்ததும் வராததுமாக, "சார், உங்க வீடு மண்ணை உறிஞ்சுது" என்றார்.

"வீடு எப்படிம்மா உறிஞ்சும்? அதுக்கு வாயா இருக்கு?"

"சூடான காத்து மேல ஏறி வெளிய போயிடுது. அந்த இடத்தை நிரப்பணுமே, அதுக்குக் கீழேருந்து இழுக்குது. கீழ என்ன இருக்கோ அதான வரும்?"

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கருவிகளுக்குப் பொறுப்பாளனாக இருப்பவனிடம், எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் பேராசிரியர் ஆன பிறகும் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவனிடம், காற்று மேலே ஏறும் என்று சொல்கிறார். "அழுத்த வேறுபாடு" என்றேன் நான், சுருக்கமாக. "கரெக்ட் சார், சூப்பர்!" என்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல. ஆனால் யோசித்துப் பாருங்கள். காற்று மேலே போவதால் என் வீடு உறிஞ்சுகிறது. மேலே இருப்பது யார்? உங்கள் தளம் இழுக்கிறது, என் தளம் அனுபவிக்கிறது. இது நம் குடும்பத்தில் புதிதில்லை.

அதன்பிறகு காற்றைச் சோதித்தார்கள். கால்பந்து அளவில் ஓர் எஃகுக் குடுவை; அதைப் பின்னறையில் வைத்துவிட்டால் ஒரு நாள் முழுக்க அறையின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டு நாளைக்கு முன்பிருந்தே வீட்டில் வண்ணம், பசை, சென்ட், பாலிஷ் எதுவும் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளை நான் படிக்கவில்லை. அச்சிட்ட தாளில் முதல் வரியிலேயே இரண்டு பிழை இருந்தால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை. அரசாங்கம் என் வீட்டுக் காற்றை எடுத்துக்கொண்டு போய் நாலு பேர் முன்னால் திறந்து பார்க்கப்போகிறது. தூசுக் காற்றையா கொடுத்தனுப்புவது? ஆகவே நாற்காலி, மேசை, தையல் இயந்திரத்தின் பலகை, கதவு, ஜன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் பாலிஷ் போட்டேன். முடிவு வந்த அன்று அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் முகமூடியோடு ஓடிவந்து எங்களைத் தெருவில் நிற்கவைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நீங்களும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். சிரித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. பல் தெரிந்தது.

இரண்டாவது சோதனைக்குத் தாளை மூன்று முறை படித்தேன், பிழைகளைத் திருத்தியும் வைத்தேன். இந்தத் தடவை யாரும் எந்தத் தவறும் செய்துவிடக்கூடாது என்று நானே குடுவைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் கோட்டு அணிந்துகொண்டேன். பொறியாளர் அம்மா குடுவையை எடுக்க வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இந்தக் கோட்டு...?"

"நேத்துதான் ட்ரை கிளீனிங்லேருந்து வந்துச்சு. ஏன், நல்லா இல்லையா?"

அவர் குடுவைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்த வாயுவைத் தேடி வந்தார்களோ அதே வாயுவை நான் உடம்பில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் காவல் இருந்திருக்கிறேன். உள்ளேயிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது மாடிக்கும் கேட்டிருக்கும், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அண்ணியின் சிரிப்பும் கேட்டது.

மூன்றாவது சோதனையில் பாலிஷ் இல்லை, கோட்டு இல்லை, நானும் இல்லை. என்னை ஒரு நாள் வெளியே போய் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் பின்னறைக் காற்றில் அனுமதித்த அளவைப்போல ஏழு மடங்கு. மாடிப்படியில் வைத்த குடுவையிலும் கொஞ்சம் இருந்ததாம். ஆகவே இது உங்கள் வீட்டையும் எட்டிப் பார்க்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

உடனே உங்களிடம் கையேந்தி வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என்னாலானதை நானே செய்து பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முட்டி போட்டு ஊர்ந்து, நாற்பத்து மூன்று விரிசல்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, சிமெண்ட் வைத்து அடைத்தேன். பதினேழாம் எண் விரிசல், நீங்கள் இரும்புக் குண்டைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு அப்பாவிடம் என்னைக் கைகாட்டினீர்களே, அதுதான். இன்னும் அந்த வடிவிலேயே இருக்கிறது. நீ போட்ட குண்டுக்கு நான் அடி வாங்கினேன், இப்போது விஷமும் வாங்குகிறேன். எல்லாவற்றையும் அடைத்து முடித்தால், வாயு குளியலறைச் சாக்கடை ஓட்டை வழியாக வருகிறது என்றார் பொறியாளர். "ஒரு வழி அடைச்சா அது அடுத்த வழி பாக்கும் சார். அடைச்சதும் நல்லதுதான், ஆனா அது மட்டும் போதாது. அது உள்ள வர்றதுக்கு முன்னாடியே நாம இழுத்து வெளிய விடணும்." ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்றேன். திறந்தும் வைத்தோம். மனைவி வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் பறந்து செல்போன் கடை வாசலில் போய் விழுந்தது, அளவு மட்டும் ஏழிலிருந்து ஐந்தானது.

ஆகவே குழாய். தரையில் துளை போட்டு, அதன் அடியில் உள்ள மண்ணிலிருந்து வாயுவை ஒரு விசிறி இடைவிடாமல் இழுத்து, கூரைக்கு மேலே கொண்டுபோய்க் காற்றில் விட்டுவிடும். காற்றில் கலந்தால் யாருக்கும் கெடுதலில்லாத அளவுக்குக் கரைந்துவிடுமாம். வெளிச்சுவரில் குழாயைக் கொண்டுபோகலாமே என்று நானும் கேட்டேன், உங்களைத் தவிர்க்க வழி இருந்தால் விடுவேனா? இரண்டு பக்கமும் பக்கத்து வீடு, முன்னால் தெரு, பின்னால் உங்கள் ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் அந்த வாயு போகக்கூடாதாம். பின்னறை மூலை வழியாக நேராக மேலே போவதுதான் ஒரே வழி. குழாயின் பக்கவாட்டில் வளைந்த கண்ணாடிக் குழல் ஒன்று மாட்டுவார்கள், உள்ளே சிவப்புத் திரவம் இருக்கும். திரவம் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றால் விசிறி ஒழுங்காக இழுக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் ஆபத்து. இரண்டு பக்கமும் சமமாக இருப்பது ஆபத்து என்ற கொள்கையை, பாகம் பிரித்தபோதே நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள்.

பாகம் என்றதும் அந்தப் பத்திரம் நினைவுக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே எடுத்துக் காட்டி என்னை அவமானப்படுத்துவதற்கு முன்னால். அன்றைக்குக் கீழ்த்தளம் எனக்குத்தான் வேண்டும் என்று மூன்று மாதம் சண்டை போட்டு வாங்கினேன். வாங்கியதோடு நிற்காமல் பத்திர வாசகத்தையும் நானே எழுதினேன். வக்கீல் எழுதிய தமிழ் எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் நீங்கள் பங்கு கேட்டுவிடக்கூடாதே என்ற முன்னெச்சரிக்கையில், 'கீழ்த்தளமும், அதன் தரைக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் எது இருப்பினும் அது அனைத்தும் இளையவருக்கே உரியது. மேல்தளமும், மொட்டைமாடியும், அதற்கு மேலே உள்ள வெளி அனைத்தும் மூத்தவருக்கு உரியது' என்று எழுதினேன். "இவ்வளவு வேணாமே சார்" என்றார் வக்கீல். "உங்களுக்குப் புரியாது" என்றேன். இப்போது சுகாதார அலுவலகத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறார்கள். விஷம் தரைக்குக் கீழே இருக்கிறது, ஆகவே என்னுடையது. அது போய்க் கலக்க வேண்டிய வானம் உங்களுடையது. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகத் தெளிவான வாக்கியம் அதுதான், ஓர் அதிகாரிகூட அதை வேறு விதமாகப் படிக்கவில்லை.

குழாய் வரும் மூலையில் மேலே என்ன இருக்கிறது என்று பொறியாளர் கேட்டார். "இரும்பு பீரோ" என்றேன். "காலைல ஆறு நாப்பதுக்குத் திறக்கும், ஒம்போதுக்கு மூடும். கீல்ல எண்ணெய் இல்ல. அதுக்கு ரெண்டடி தள்ளி ஒரு கட்டில், வலப்பக்கக் கால் ஆடும். நடுவுல ஒரு நாற்காலி, செவ்வாய்க்கிழமை மட்டும் இழுப்பாங்க."

அவர் எழுதிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து பார்த்தார். "மேல அடிக்கடி போவீங்களா சார்?"

"பதினோரு வருஷமா போனதில்ல."

அவர் பேனாவை மூடிவிட்டார். எனக்கு உங்கள் வீடு காது வழியாகத்தான் தெரியும், அண்ணா. ஆனால் நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பதினாறு நாள் செருப்புச் சத்தம் கேட்காமல் இருந்தது. மருத்துவமனையில் இருந்தீர்கள் என்று பின்னால் சொன்னார்கள். அந்தப் பதினாறு நாளும் எனக்கு ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதாமல் என் மனைவியை அனுப்பியிருக்கலாம். அவளும் அண்ணியும் நம் சண்டையில் ஒருநாள்கூடச் சேரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். கேட்டேன். "உங்க அண்ணன்கிட்ட நீங்களே கேளுங்க. பதினோரு வருஷமா தூது போய் என் முட்டி தேஞ்சிருச்சு" என்றாள். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். அவள் தினமும் எட்டு மணிநேரம் அந்தப் பின்னறையில்தான் உட்கார்கிறாள். தலை வலிக்கிறது, கிறுகிறுப்பாக இருக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் "கண்ணாடியை மாத்து" என்று சொன்னவன் நான். மூன்று வருஷத்தில் மூன்று கண்ணாடி மாற்றியிருக்கிறாள். அழுத்த வேறுபாடு தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நீங்கள் படிப்பதாக இருந்தால் இந்த வரியைப் படியுங்கள்: அவளை அந்த அறையில் இன்னும் ஒரு மாதம் உட்காரவைக்க என்னால் முடியாது, அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்கவும் என்னால் முடியாது.

கையெழுத்துப் போட்டால் என் தரப்பில் நான் விட்டுக்கொடுப்பவை: மாடிப்படி விளக்கை யார் அணைப்பது என்ற வழக்கு, உங்கள் ஈரத்துணி என் செய்தித்தாளில் சொட்டிய வழக்கு, உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போன வழக்கு. கோட்டு வழக்கு நீடிக்கும். உண்மையை மறைக்கக்கூடாது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: விசிறி மொட்டைமாடியில்தான் இருக்கும், நிற்காமல் லேசாக முனகிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேல் எந்நேரமும் ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாழ்வது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியவரும். நான் அதற்காக இதைச் செய்யவில்லை. ஆனால் அந்த நினைப்பு வந்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். குழாய் போட்டு முடிந்ததும் நாம் முன்போலவே பேசாமல் இருக்கலாம். அந்த ஏற்பாட்டில் மாற்றம் எதுவும் நான் கோரவில்லை.

வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தங்களுக்கு என் வணக்கம். அண்ணிக்கு எல்லாக் காரணங்களுக்காகவும் வணக்கம். தங்கள் மகளும் மருமகனும் சுத்தமான காற்றுள்ள வீட்டில் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தரைக்குக் கீழே உள்ள அனைத்துக்கும் சொந்தக்காரனாகிய
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். அளவெடுக்கப் பொறியாளர் அம்மா வந்திருந்தார். மேல் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் சட்டப்படி அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அவர் போட்டுட்டாரே சார்! ஒம்போது நாளாச்சு. ஆபீசுக்கே நேர்ல வந்து குடுத்துட்டுப் போனார்" என்று கோப்பைத் திறந்து காட்டினார். உனக்கும் தனியாக ஒரு படிவம் அனுப்பியிருந்தார்களாம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடி கையில் இல்லை, என் மனைவியைப் படிக்கச் சொன்னேன். அவள் தாளைப் பார்க்காமலேயே படித்தாள்: 'எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. என் அறையில் எங்கே வேண்டுமானாலும் துளை போடலாம். கீழே என் தம்பி இருக்கிறான். தாமதிக்க வேண்டாம்.'

"உனக்கு எப்படி மனப்பாடம்?" என்றேன்.

"பெரியவர் சொல்லச் சொல்ல மாடி அக்காதான எழுதினாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்போ நாலு நாளா நான் உக்காந்து எழுதுறதை ஏண்டி பாத்துட்டிருந்த?"

"உங்ககிட்டேருந்து ஒரு வரி வராதான்னு அவர் பதினோரு வருஷமா பாத்துட்டிருக்கார். நீங்க ஒம்போது பக்கம் எழுதிட்டிருந்தீங்க. நான் எதுக்கு நிறுத்தணும்?"

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னது?"

"அது நெசந்தான்" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி வேலையில்லை. கிழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நாலு முறை திருத்தி எழுதியது. விசிறி முனகுவதைப் பற்றி எழுதியதை மட்டும் நீயே அடித்துவிடு. தபாலில் போட்டால் மூன்று நாளாகும் என்பதால் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். அதுவும் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் துளை போடுகிறார்கள். கீழேயிருந்துதான் போடுவார்களாம், மேலே ஒருவர் நின்று பார்க்க வேண்டுமாம். இயந்திரத்தின் முனை உன் அறைத் தரையில் தெரிந்ததும், நீ குனிந்து ஓட்டை வழியாக "வந்துடுச்சுடா" என்று சொல்ல வேண்டும், நான் "சரிண்ணா" என்று பதில் சொல்லி நிறுத்தச் சொல்ல வேண்டும். வேறு யாரையாவது நிறுத்தலாமா என்று கேட்டேன், ஆள் இல்லையாம். சத்தமாகச் சொல். கீழே இரைச்சலாக இருக்கும்.